செய்தியில் வரும் கொலையும் ஊரில் நடக்கும் கொலையும்

ஒரு வாசகி கேட்ட கேள்வி இது. "காலையில் டிவியைப் போட்டால் கொலை, மாலையில் போனைத் திறந்தால் கொலை. எங்கள் காலத்தில் இப்படி இல்லை. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளைச் சாயங்கால டியூஷனுக்கு சைக்கிளில் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். நாடு நிஜமாகவே இவ்வளவு கெட்டுவிட்டதா, இல்லை நமக்கு அப்படிக் காட்டுகிறார்களா?"

சுவரோரம் சாத்தி வைத்த அந்த சைக்கிள்தான் என்னை எழுத வைக்கிறது. இருபது வருஷத்துக்கு மேல் ஒரு தமிழ் நாளிதழின் மாவட்டப் பதிப்பில் குற்றச் செய்திகளைத் திருத்தி, தலைப்புப் போட்டு, பக்கத்தில் ஏற்றும் வேலை பார்த்தவன் நான். அப்படிக் காட்டியவர்களில் நானும் ஒருவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் எண்ணிக்கை. நீங்கள் உங்கள் மகளின் வயதில் இருந்தது 90-களின் தொடக்கம் என்று வைத்துக்கொள்வோம். 1992-இல் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 40,105. லட்சம் பேருக்கு 4.6. முப்பது வருஷம் கழித்து, 2022-இல், 28,522. லட்சம் பேருக்கு 2.1. இரண்டும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. இடையில் மக்கள்தொகை ஐம்பது கோடியளவு கூடியிருக்கிறது, கொலை குறைந்திருக்கிறது. 'எங்கள் காலத்தில் இப்படி இல்லை' என்கிறீர்களே, அந்தக் காலத்தில்தான் ஒருவர் கொலையாகும் வாய்ப்பு இன்றைக்கு இருப்பதைப்போல இரண்டு மடங்கு இருந்தது.

கொலையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பிணம் விழுந்தால் பெரும்பாலும் வழக்குப் பதிவாகும். மற்ற குற்றங்களின் எண்ணிக்கையை வைத்து இப்படி நேராகப் பேச முடியாது. 2020-இல் நாட்டில் பதிவான குற்றங்கள் முந்தைய ஆண்டைவிட 28 சதவீதம் எகிறின. என்ன நடந்தது? ஊரடங்கை மீறி வெளியே வந்தவர்கள்மேல் போட்ட வழக்கு. அரசு உத்தரவை மீறியதற்கான 188-ஆம் பிரிவில் 2019-இல் இருந்தவை 29,469 வழக்குகள், 2020-இல் 6,12,179. அந்த வருஷம் கொலை ஒரு சதவீத அளவுக்குத்தான் கூடியது. 'குற்றங்கள் 28 சதவீதம் உயர்வு' என்ற ஒரு வரியை மட்டும் படித்தவருக்கு இது எப்படித் தெரியும்?

இன்னொன்று இதைவிட முக்கியம். 2012 டிசம்பர் 16 டெல்லிப் பேருந்துக் கொடுமைக்குப் பிறகு நாடே கொந்தளித்தது. ஊடகங்கள் விடாமல் எழுதின, காட்டின. அடுத்த ஆண்டு டெல்லியில் பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகள் 706-இலிருந்து 1,636 ஆயின. ஒரே வருஷத்தில் டெல்லி இரண்டு மடங்கு கெட்டுப்போய்விட்டது என்று இதைப் படித்தவர்கள் ஏராளம். ஆனால் அந்த இடைவெளியில் சட்டம் மாறியது; வல்லுறவு என்பதன் வரையறை விரிந்தது; புகாரை வாங்க மறுக்கும் போலீஸ்காரருக்கே தண்டனை என்று 166ஏ பிரிவு வந்தது. அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்த பெண்கள் ஸ்டேஷன் வாசலை மிதித்தார்கள். எழுதியதால்தான் அது நடந்தது. ஆகவே ஊடகம் பயமுறுத்துவதோடு சரி என்று நான் சொல்ல வரவில்லை. அந்த உயர்வில் ஒரு பகுதி நல்ல செய்தி. அதையும் பயங்கரமாகவே நாங்கள் கொடுத்தோம் என்பதுதான் என் வருத்தம்.

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். 2022-இல் இங்கே கொலையானவர்கள் சுமார் 1,700 பேர். அதே வருஷம் சாலை விபத்தில் செத்தவர்கள் 17,884. தற்கொலை செய்துகொண்டவர்கள் 19,834. ஒரு கொலைக்குப் பத்துக்கு மேல் விபத்துச் சாவு, பதினொன்றுக்கு மேல் தற்கொலை. உங்கள் வீட்டுக்கு வரும் பேப்பரில் ஒரு வாரம் இந்த மூன்றும் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று பாருங்கள். நான் பக்கம் போட்ட நாட்களில் விபத்துச் சாவு ஒரு சிங்கிள் காலம், அதாவது ஒரே பத்தி அகலம். மூன்று பேருக்கு மேல் செத்தால் இரண்டு பத்தி. கொலைக்கு அந்தக் கணக்கு கிடையாது.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் பார்பரா கூம்ஸ், பால் ஸ்லோவிக் என்ற இருவர், ஓரிகன் மாநிலத்தில் ஒன்று, மாசசூசெட்ஸில் ஒன்று என இரண்டு நாளிதழ்களை எடுத்து வைத்துச் சாவுச் செய்திகளை எண்ணினார்கள். நோயால் சாகிறவர்கள் கொலையாகிறவர்களைவிட நூறு மடங்கு; ஆனால் நோய்ச் சாவைவிடக் கொலைக்கு மூன்று மடங்கு செய்தி. எதனால் அதிகம் பேர் சாகிறார்கள் என்று மக்களிடம் கேட்டபோது, அவர்கள் சொன்ன பதிலில் இருந்த கோணல் செய்தித்தாளில் இருந்த கோணலோடு ஒத்துப்போனது. தற்கொலையைவிடக் கொலைதான் அதிகம் என்று நினைத்தார்கள், உண்மை நேர்மாறு.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கெர்ப்னர் அதே காலத்தில் தொலைக்காட்சியை வைத்து ஆராய்ந்தார். அதிக நேரம் டிவி பார்ப்பவர்களுக்கு உலகமே கொடிய இடமாகத் தெரிகிறது, யாரையும் நம்பக்கூடாது என்ற எண்ணம் ஊறிப்போகிறது என்றார். பின்னால் வந்தவர்கள் இதில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். குற்றம் மலிந்த பகுதியில் குடியிருப்பவர்கள்தானே வெளியே போகப் பயந்து வீட்டில் டிவி பார்க்கிறார்கள், எது காரணம், எது விளைவு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை யாராலும் மறுக்க முடியவில்லை. 1993-க்கும் 2022-க்கும் இடையில் அமெரிக்காவில் வன்குற்ற விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அதே காலத்தில் கேலப் நிறுவனம் நடத்திய 27 கருத்துக்கணிப்புகளில் 23-இல், நூற்றுக்கு அறுபது பேராவது 'போன வருஷத்தைவிட நாட்டில் குற்றம் கூடிவிட்டது' என்றார்கள். தாங்கள் குடியிருக்கும் பகுதியைப் பற்றிக் கேட்டால் அவ்வளவு பேர் அப்படிச் சொல்வதில்லை. கண்ணால் பார்க்கும் தெரு பரவாயில்லை. செய்தியில் பார்க்கும் நாடு பயங்கரம்.

ஏன் இப்படி ஆகிறது? 'பரபரப்புக்காக' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்த மேசையில் உட்கார்ந்தவனுக்கு வேறொன்று தெரியும். கொலைச் செய்திதான் எல்லாவற்றிலும் மலிவாகக் கிடைக்கிற செய்தி. எங்கள் பகுதிநேர நிருபர்கள் சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் அவரவர் எல்லையில் இருக்கும் ஸ்டேஷன்களுக்குப் போன் போடுவார்கள். எடுப்பவர் பெரும்பாலும் ரைட்டர், ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர். "ஐயா, ஏதாச்சும் உண்டா?" "ஒரு 302 இருக்கு, குறிச்சுக்க." 302 என்றால் அன்றைய சட்டத்தில் கொலைக்கான பிரிவு. செத்தவர் பெயர், வயசு, அப்பா பெயர், கைதானவர் பெயர், 'முன்விரோதம்' என்று ஒரு காரணம். நாலு நிமிஷத்தில் செய்தி தயார். அதே நிருபர் அரசு ஆஸ்பத்திரியில் நாய்க்கடி மருந்து இல்லை என்று எழுத வேண்டுமானால் மூன்று நாள் அலைய வேண்டும், நாலு பேரிடம் மறுப்பு வாங்க வேண்டும், அப்புறம் வக்கீல் நோட்டீஸ் வருமா என்று பயப்பட வேண்டும். ஒரு செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்குபவர் எதை எழுதுவார்?

அப்புறம் இடம். முன்பு தூத்துக்குடியில் நடந்த கொலை வேலூர்ப் பதிப்பில் வராது. அவரவர் மாவட்டத்துக் கொலை அவரவர் பக்கத்தோடு போய்விடும். இப்போது மாநிலம் முழுவதற்கும் ஒரே சேனல், ஒரே போன். தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு நாலைந்து கொலை. நாடு முழுக்கச் சேர்த்தால் எழுபத்தெட்டு. இருபத்து நாலு மணி நேரத்தை நிரப்ப இது தாராளம். கொலை இன்னும் பாதியாகக் குறைந்தாலும் முப்பத்தொன்பது இருக்கும், அதுவும் தாராளம். செய்தி நேரம் குறையவே குறையாது.

கேமரா வந்த கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2016 ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த நிலையத்தில் அப்போது ஒரு கேமராகூட இல்லை. பக்கத்துத் தெருக் கேமராவில் பதிந்த மங்கலான உருவத்தைத்தான் போலீஸ் வெளியிட்டது. அதற்குள் கொலையாளி இன்ன மதத்தவன் என்று சிலர் எழுதிவிட்டார்கள், தப்பு. பிறகு செங்கோட்டைப் பக்கம் ஓர் இளைஞர் கைதானார். அவர் படம் வந்த அன்றைக்கே ஊர் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது. செப்டம்பர் 18-இல் அவர் புழல் சிறையில் இறந்துபோனார். வழக்கு விசாரணைக்கே வரவில்லை. அவர்தான் செய்தாரா என்று ஒரு நீதிமன்றம் சாட்சிகளை நிறுத்திக் கேட்காமலேயே எல்லாம் முடிந்துபோனது.

அதற்குப் பின்வந்த வருஷங்களில் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் சென்னை முழுக்கக் கேமரா வந்தது. துப்புத் துலக்க அது பெரிய உதவி, சந்தேகமில்லை. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில் நடந்த சாதிக் கொலை, பட்டப்பகலில் பேருந்து நிலையத்துக்கு எதிரே கேமராவில் பதிந்திராவிட்டால் நாடு இவ்வளவு அதிர்ந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆனால் கேமரா தெருவில்தான் நிற்கிறது. கடை வாசலில், சிக்னலில், அபார்ட்மென்ட் கேட்டில் நிற்கிறது. வீட்டுச் சமையலறையில் கேமரா கிடையாது. டிவிக்குப் படம் வேண்டும். படம் தெருவில்தான் கிடைக்கும். அதனால் டிவியில் வரும் கொலையெல்லாம் தெருக் கொலை: மூன்று பைக், ஆறு பேர், அரிவாள். பத்துப் பன்னிரண்டு விநாடிக் காட்சி. அதில் ஒரு சிவப்பு வட்டம், பின்னணியில் ஒரு திகில் இசை. நேரலையில் நாலு பேர் பேசி முடிப்பதற்குள் அது திரையின் ஒரு மூலையில் இருபது தடவைக்குக் குறையாமல் ஓடிவிடுகிறது. செத்தவர் ஒருவர்தான், உங்கள் மனசு இருபது பேரை எண்ணிக்கொள்கிறது. அடுத்த முறை பைக்கில் இரண்டு பையன்கள் ஒட்டி வந்தால் நெஞ்சு படபடக்கிறது.

ஆபத்து எங்கே இருக்கிறது? 2022-இல் பதிவான கொலைகளுக்கான காரணங்களில் முதலிடம் தகராறு: 9,962. வாய்க்கால் வரப்பு, குடும்பச் சண்டை, கொடுக்கல் வாங்கல் எல்லாம் அதில் அடக்கம். அடுத்தது தனிப்பட்ட பகை: 3,761. நகைக்காகவோ பணத்துக்காகவோ நடந்தவை 1,884. அதாவது கொல்பவர் பெரும்பாலும் தெரிந்தவர். பாலியல் வல்லுறவு வழக்குகளில் இது இன்னும் அப்பட்டம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்: உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், சேர்ந்து வேலை பார்ப்பவர், கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னவர். பெண்களுக்கு எதிரான குற்றங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, கணவனோ அவன் வீட்டாரோ செய்யும் கொடுமை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நூற்றுக்கு முப்பத்தெட்டு! உங்கள் தெருவில் எத்தனை வீடு என்று எண்ணிக்கொள்ளுங்கள். இது எந்தச் சேனலிலும் பிரேக்கிங் நியூஸ் ஆகாது. தினமும் நடப்பது செய்தி இல்லை என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

எவ்வளவு வருகிறது என்பதைவிட எந்தச் சொல்லில் வருகிறது என்பதுதான் என்னை அதிகம் உறுத்துவது. அதற்கு என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் ராத்திரி ஒரு கிராமத்தில் ஒருவன் தன் மனைவியை வெட்டிக் கொன்ற செய்தி வந்தது. நான் போட்ட தலைப்பு: 'நடத்தையில் சந்தேகம்: மனைவி வெட்டிக்கொலை'. எத்தனையோ தடவை போட்ட தலைப்புதான். கை தானாக எழுதும். நாலு நாள் கழித்து, செத்துப்போன பெண்ணின் தங்கை அலுவலகத்துக்கு வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசு இருக்கும். அந்தப் பேப்பரை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தாள். சத்தம் போடவில்லை. பேப்பரை என் மேசையில் விரித்து, அந்தத் தலைப்பில் விரலை வைத்து, "எங்கக்கா நடத்தையைப் பத்தி நாங்க யாரும் எதுவும் சொல்லலையே சார். உங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்டாள்.

யார் சொன்னது என்று அப்போதுதான் யோசித்தேன். நிருபருக்கு ரைட்டர் சொன்னார். ரைட்டருக்கு இன்ஸ்பெக்டரின் குறிப்பு. இன்ஸ்பெக்டரிடம் சொன்னது கைதானவன். அதாவது வெட்டியவன். வெட்டியவன் தன் செயலுக்குச் சொன்ன காரணத்தை, மேற்கோள் குறிகூட இல்லாமல், என் பத்திரிகையின் வாக்காக நான் தலைப்பில் ஏற்றியிருக்கிறேன். மறுக்க வேண்டியவள் செத்துவிட்டாள். அந்தப் பெண்ணிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவள் பேப்பரை மடித்துக்கொண்டு போய்விட்டாள். செத்துப்போனவளுடைய பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்துக்கும் அந்தப் பேப்பர் போயிருக்கும் என்று பிறகு தோன்றியது.

போலீசிடம் ஒருவர் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. 1872 சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அப்படிச் சொன்னது. 2024-இல் வந்த புதிய சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. அடித்து வாங்கியிருக்கலாம், மிரட்டி வாங்கியிருக்கலாம் என்பதால் வெள்ளைக்காரன் காலத்திலேயே போட்ட தடை. நீதிபதி கையில் எடுக்கக்கூடாத அந்தக் காகிதத்தைத்தான் நாங்கள் 'பரபரப்பு வாக்குமூலம்' என்று அரைப்பக்கம் போட்டுக்கொண்டிருந்தோம். விசாரணை முடியும் கொலை வழக்குகளில் பாதிக்கும் குறைவாகத்தான் தண்டனையில் முடிகின்றன. மீதிப் பேர் விடுதலையாகிறார்கள். விடுதலைச் செய்தி ஏழாம் பக்கத்தில், அதுவும் இடமிருந்தால்.

இன்னும் சில சொற்கள் உண்டு. 'காதலை ஏற்க மறுத்ததால்' என்று எழுதும்போது கொலைக்குக் காரணம் அவள் மறுத்தது என்று ஆகிவிடுகிறது. 'ஒருதலைக் காதல்' என்றால் பின்தொடர்ந்து வந்து தொல்லை கொடுத்தவனுக்குக் காதலன் பட்டம். 'கள்ளக்காதல்' என்ற ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் செத்தவர்மேல் இரக்கம் போய்விடும்; வாசகர் 'உம்' என்று தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். பயத்தைக் கூட்டுவது மட்டும் செய்தியின் வேலை இல்லை. யாருக்காகப் பயப்பட வேண்டும், யாருக்காக வேண்டாம் என்பதையும் அதுதான் பிரிக்கிறது.

இதற்கு மிகக் கொடுமையான உதாரணம் கயர்லாஞ்சி. மகாராஷ்டிரத்தில் பண்டாரா மாவட்டத்துக் கிராமம். 2006 செப்டம்பர் 29-இல் ஒரு தலித் குடும்பத்தின் தாய், மகள், இரண்டு மகன்கள் என நாலு பேரை ஒரு கும்பல் அடித்துக் கொன்று வாய்க்காலில் வீசியது. முதலில் வெளிவந்த செய்திகளில் அது 'கள்ளத்தொடர்பு' விவகாரம். ஊரார் கோபத்தில் செய்துவிட்டார்கள் என்ற தோரணை. நிலத் தகராறும் சாதியும் வெளியே வர வாரக்கணக்கில் ஆனது. அதுவும் தலித் அமைப்புகள் தெருவில் இறங்கிய பிறகுதான். டெல்லியில் நடந்த கொடுமைக்கு மறுநாளே கேமராக்கள் போய் நின்றன. நிற்கத்தான் வேண்டும். பண்டாராவுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டால், அந்தத் தாயின் முகத்தில் நகரத்து வாசகர் தன் மகளைப் பார்க்கமாட்டார் என்று யாரோ ஒரு மேசையில் முடிவெடுத்திருக்கிறார் என்பதுதான் எனக்குத் தெரிந்த பதில். நானும் அப்படி முடிவெடுத்திருக்கிறேன். காலனியில் நடந்த கொலை, ஊரில் நடந்த கொலை என்று பக்கம் பிரித்திருக்கிறேன்.

பயம் மனசோடு நிற்பதில்லை, கையில் இறங்குகிறது. 2018-இல் குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளும் வீடியோக்களும் பறந்தன. இந்தியா முழுவதும் சுற்றிய ஒரு வீடியோவில் பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். அந்த வருஷம் மே 9-ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர்ப் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போக வந்த ஒரு குடும்பம் வழி கேட்கக் காரை நிறுத்தியது. உடன் வந்த 65 வயது அம்மா அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். ஊர் திரண்டு அடித்ததில் அந்த அம்மா செத்துப்போனார். சாக்லேட் கொடுக்கும் பாட்டியைக் கடத்தல்காரியாகப் பார்க்க அந்த ஊர்க் கண்களை யார் பழக்கினார்கள்? ஒரு வாட்ஸ்அப் பதிவு மட்டும் இல்லை. 'மர்ம நபர்', 'வட மாநிலக் கும்பல்' என்று வருஷக்கணக்காக நாங்கள் எழுதியதும் அதற்குள் இருக்கிறது.

2023 மார்ச்சில் இதே கதை திரும்பி நம்மேல் பாய்ந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. அவற்றில் ஒன்று பீகார்த் தொழிலாளர்களே இரு பிரிவாக அடித்துக்கொண்டது, இன்னொன்று கோயம்புத்தூர் உள்ளூர்வாசிகள் இருவருக்குள் நடந்த சண்டை என்று தமிழ்நாட்டு டிஜிபியே விளக்க வேண்டியிருந்தது. பீகாரில் ஒரு தாய் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, திருப்பூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டு அழுதிருப்பாள். உங்கள் பயத்துக்கும் அவள் பயத்துக்கும் வித்தியாசம் இல்லை.

ஐதராபாத்தில் 2019 நவம்பரில் ஓர் இளம் கால்நடை மருத்துவர் கொல்லப்பட்டபோது ஏற்பட்ட கொதிப்பில், டிசம்பர் 6 விடியற்காலையில் கைதான நாலு பேரையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீசார்மேல் பூத் தூவினார்கள். அன்றைக்கு என் அலுவலகத்திலும் கைதட்டல் கேட்டது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல் கொடுத்த அறிக்கை, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்றும், பத்துப் போலீசார்மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றும், செத்த நாலு பேரில் மூன்று பேர் பதினெட்டு வயது ஆகாதவர்கள் என்றும் சொன்னது. பூத் தூவிய படம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆணைய அறிக்கையைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

அரசியல் கட்சிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது 'சட்டம் ஒழுங்கு சந்தி சிரிக்கிறது' என்று அன்றைய கொலைகளைப் பட்டியல் போடுவதும், ஆளுங்கட்சியானதும் 'இது தனிப்பட்ட முன்விரோதம்' என்பதும் எல்லாக் கட்சிக்கும் பழக்கம். பட்டியலை அவர்களுக்கு எடுத்துக்கொடுப்பது செய்திதான்.

உங்கள் கேள்விக்குத் திரும்பி வருகிறேன். நாடு சொர்க்கமாகிவிட்டது, கவலைப்படாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வருஷத்துக்கு 28,000 கொலை என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு இருக்கிறது. நான் சொல்வது, உங்கள் பயத்துக்கு டிவி காட்டும் திசையும் ஆபத்து இருக்கும் திசையும் வேறுவேறு என்பதுதான். செய்தியை நிறுத்த வேண்டாம். ஓடும் காட்சியைப் பார்ப்பதற்குப் பதிலாக எழுத்தில் படியுங்கள். ஒரு கொலைச் செய்தியைப் படிக்கும்போது 'இதை யார் சொன்னது' என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். 'போலீசார் கூறுகையில்' என்ற இரண்டு சொல் எங்காவது ஒளிந்திருக்கும்.

மகளைப் பொறுத்தவரை, நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் உட்கார்ந்து அவளோடு பேசுவேன். முகம் தெரியாதவனைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே போதுமான அளவு சொல்லியிருப்பீர்கள். வேன் டிரைவர், டியூஷன் சார், மாடி வீட்டு மாமா, லீவுக்கு வரும் சொந்தக்காரர், இவர்களில் யாராவது தொடுவதோ பேசுவதோ பிடிக்காமல் போனால் உங்களிடம் வந்து சொல்லலாம், சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்கமாட்டீர்கள் என்பது அவளுக்குத் தெரியுமா? 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அவளுக்கு மனப்பாடமா?

அப்புறம் ஒரு சாயங்காலம் அவள் டியூஷன் விடும் நேரத்துக்கு அந்தப் பாதையில் நீங்களே நடந்து போய்ப் பாருங்கள். எந்த வளைவில் தெருவிளக்கு எரியவில்லை, லாரி எங்கே வேகமாகத் திரும்புகிறது, பள்ளம் எங்கே என்று தெரியும். விளக்கு எரியாவிட்டால் ஊராட்சியிலோ நகராட்சியிலோ மனு கொடுங்கள். சைக்கிளுக்குப் பின்னால் ரிஃப்ளெக்டர் உடைந்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.